காலைத் தானியப் பெட்டியின் பின்பக்கம்

உலர்ந்த நிலையில் விற்கப்படும் காலைத் தானிய உணவுகளில் பெரும்பாலானவை, கார்ன்ஃப்ளேக்ஸ் ஆனாலும் ஓட்ஸ் ஆனாலும் சர்க்கரைப் பூச்சிட்ட சாக்லேட் உருண்டைகள் ஆனாலும் தமிழர் வீட்டு அவல் ஆனாலும், 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 முதல் 390 கிலோ கலோரி வரையிலான ஒரே எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. மாவுச்சத்து, புரதம், சர்க்கரை ஆகிய மூன்றும் கிராம் ஒன்றுக்கு நான்கு கிலோ கலோரி அளவிலேயே ஆற்றல் தருவதால், தானியத்தின் மாவுச்சத்தில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் அதே எடைக்குச் சர்க்கரையைச் சேர்த்தாலும் பெட்டியின் மீது அச்சிடப்படும் கலோரி எண் அசைவதில்லை. எடையைக் குறைக்கவோ இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவோ விரும்பி உணவில் கவனம் செலுத்தத் தொடங்குபவர் முதலில் தேடும் எண்ணே அவருக்கு மிகக் குறைவாக உதவும் எண்ணாக இருக்கிறது என்பது, இந்தப் பொருளைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் அடிப்படை உண்மையாகும். அவர் கேட்க வேண்டியவை வேறு: ஆலையிலிருந்து வெளிவரும்போது தானியம் எந்த அளவுக்குத் தானியமாகவே எஞ்சியிருக்கிறது, அதனுடன் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது, கிண்ணத்தில் உண்மையில் எத்தனை கிராம் விழுகிறது.

சுகவாசத்திலிருந்து மிட்டாய் வரை

இந்த உணவு நோயாளிகளுக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள டான்ஸ்வில் என்னும் ஊரில் நீர்ச்சிகிச்சை இல்லம் நடத்திவந்த ஜேம்ஸ் கேலப் ஜாக்சன், 1863இல் தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு 'கிரானுலா' என்ற பெயரில் ஓர் உணவை உருவாக்கினார். இரவு முழுவதும் பாலில் ஊறவைத்தாலன்றிக் கடிக்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரின் சுகவாச நிலையத்தை நடத்திவந்த மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக், 1894இல் தம் தம்பி வில் கீத் கெல்லாக்குடன் சேர்ந்து, வேகவைத்த கோதுமையை உருளைகளுக்கிடையே செலுத்தி மெல்லிய ஏடுகளாக்கும் முறையைக் கண்டறிந்தார். சர்க்கரையைக் கடுமையாக எதிர்த்தவர் அண்ணன். மக்காச்சோள ஏடுகளில் சர்க்கரை சேர்த்தால்தான் நிலையத்துக்கு வெளியே உள்ளவர்கள் வாங்குவார்கள் என்று உறுதியாக நம்பியவர் தம்பி. 1906இல் வில் கீத் தனி நிறுவனம் தொடங்கியபோது, பத்தியமாக இருந்த ஒன்று வணிகப் பண்டமாக மாறியது.

அடுத்த அரை நூற்றாண்டில் அந்த மாற்றம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும்: கெல்லாக் நிறுவனம் 1953இல் குழந்தைகளுக்காக அறிமுகப்படுத்திய 'சுகர் ஸ்மாக்ஸ்' என்னும் வகையின் எடையில் 56 சதவீதம் சர்க்கரையாக இருந்தது. பாதிக்கு மேல் சர்க்கரை கொண்ட பொருளைத் தானிய உணவு என்று அழைப்பதே முறையா என்ற கேள்வி எழுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1970இல் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன் தோன்றி, தாம் ஒப்பிட்ட 60 உலர் தானிய உணவுகளில் 40 வெறும் கலோரிகளைத் தவிர வேறொன்றும் தராதவை என்று சாட்சியம் அளித்ததைத் தொடர்ந்து பெரும் விவாதம் மூண்டது; உற்பத்தியாளர்கள் வைட்டமின்களையும் இரும்புச்சத்தையும் மேலும் தாராளமாகச் சேர்க்கத் தொடங்கினர். இன்று பெட்டியின் முகப்பில் காணப்படும் நீண்ட வைட்டமின் பட்டியல் அந்த வழியில் வந்ததே. அவற்றில் பெரும்பகுதி தானியத்திலிருந்து வந்தவையல்ல, பதப்படுத்தும்போது இழந்ததை ஈடுகட்டுவதற்காக மாவில் கலக்கப்பட்டவை அல்லது வறுத்து முடித்த பின் மேலே தெளிக்கப்பட்டவை. ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள இடங்களில் அவற்றால் பயன் உண்டு. ஆனால் சர்க்கரை மிகுந்த ஒரு பண்டத்தை அவை நல்லுணவாக்கிவிடுவதில்லை.

தானியம் என்னவாக மாறுகிறது

முழுத் தானியம் ஒன்றில் மூன்று பகுதிகள் உள்ளன: நார்ச்சத்தும் தாது உப்புகளும் நிறைந்த வெளியுறையான தவிடு, கொழுப்பும் வைட்டமின்களும் கொண்ட முளை, இவ்விரண்டுக்கும் நடுவே, முளைக்கவிருக்கும் செடிக்காகச் சேமிக்கப்பட்ட மாவுச்சத்துத் திரளான முளைசூழ்தசை. வழக்கமான கார்ன்ஃப்ளேக்ஸ் தயாரிப்பில் மக்காச்சோளத்தின் தவிடும் முளையும் முதலிலேயே நீக்கப்படுகின்றன. எஞ்சும் பெரிய நொய்கள் சர்க்கரை, உப்பு, மால்ட் சாறு ஆகியவற்றுடன் அழுத்தத்தில் வேகவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, கனத்த உருளைகளில் தட்டையாக்கப்பட்டு, உயர் வெப்பத்தில் வறுக்கப்படுகின்றன. வளையம், உருண்டை, நட்சத்திரம் போன்ற வடிவங்களில் வருபவை பெரும்பாலும் வேறு முறையில் உருவாகின்றன: மாவு ஈரப்பதத்துடன் பிசையப்பட்டு, வெப்பமும் அழுத்தமும் மிகுந்த குழாயில் திருகு ஒன்றால் தள்ளப்பட்டு, சிறு துளை வழியே வெளியே பிதுக்கப்படும் கணத்தில் அழுத்தம் திடீரென்று குறைவதால் உப்பிப் பொரிகிறது. இரண்டு முறைகளிலும் மாவுச்சத்தின் இறுகிய மணிகள் உடைந்து கூழ்மமாகிவிடுவதால், வாயிலும் குடலிலும் உள்ள நொதிகள் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை ஆலையே செய்து முடித்துவிடுகிறது.

இதன் விளைவை அளக்கும் கருவிகளில் ஒன்று கிளைசெமிக் குறியீடு. ஓர் உணவிலுள்ள குறிப்பிட்ட அளவு மாவுச்சத்து, அதே அளவு குளுக்கோஸுடன் ஒப்பிடும்போது இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை, குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக் கணக்கிடும் இந்த முறையை டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்டனர். பல ஆய்வுகளின் சராசரியைத் தொகுக்கும் அட்டவணைகளில் கார்ன்ஃப்ளேக்ஸின் குறியீடு சுமார் 80 ஆகவும், தட்டையாக்கிய சாதாரண ஓட்ஸில் காய்ச்சிய கஞ்சியின் குறியீடு சுமார் 55 ஆகவும் காணப்படுகின்றன. மேலும் கவனிக்க வேண்டியது, வெந்நீர் ஊற்றியவுடன் தயாராகும் உடனடி ஓட்ஸின் குறியீடு 79 அளவில் நிற்பது. தானியம் ஒன்றே, பெட்டியின் மீதுள்ள பெயரும் ஏறத்தாழ ஒன்றே. முன்கூட்டியே அதிகமாக வேகவைத்து மெல்லியதாக நசுக்கியதனால் மட்டும் ஓட்ஸ் கார்ன்ஃப்ளேக்ஸின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. ஆகவே, ஓட்ஸ் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு உடனடி வகையை வாங்கிவருபவர், அந்த அறிவுரையின் பாதியை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவருகிறார். சில நிமிடங்கள் கூடுதலாக வேகவேண்டிய தடித்த ஓட்ஸ், அல்லது முழு ஓட்ஸ் மணியை எஃகுக் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டிய வகை, அவருக்கு ஏற்றது.

பசியைத் தாங்கும் திறனும் இதே திசையில்தான் செல்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு கலோரி தரும் வெவ்வேறு உணவுகளை உண்டபின் இரண்டு மணி நேரம் வரை வயிறு எவ்வளவு நிறைவாக உணர்கிறது என்பதை அளந்து, வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்து ஒப்பிட்டனர். ஓட்ஸ் கஞ்சி 209 பெற்றது. கார்ன்ஃப்ளேக்ஸ் 118 மட்டுமே பெற்றது. நல்லுணவு என்று பெயர்பெற்ற மியூஸ்லி வெள்ளை ரொட்டியைத் தாண்டாமல் 100இல் நின்றது. கஞ்சியில் நீர் அதிகம் என்பதும், ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து அந்த நீரைப் பிசுபிசுப்பான கூழாக மாற்றி இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும் இதற்கான முக்கியக் காரணங்கள். குடலில் பித்த அமிலங்களையும் பிடித்துக்கொள்வதால் அதே நார்ச்சத்து கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலையும் ஓரளவு குறைக்கிறது. இந்தப் பயனைப் பெட்டியில் குறிப்பிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி அளித்தபோது, நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் தேவை என்ற அளவையும் சேர்த்தே கூறியது. ஓட்ஸின் எடையில் பீட்டா குளூக்கன் சுமார் 4 சதவீதமே இருப்பதால், 40 கிராம் ஓட்ஸ் கொண்ட ஒரு வேளைக் கஞ்சி அந்த அளவில் பாதியைத்தான் தருகிறது.

சர்க்கரைக் கணக்கு

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி இந்தியாவில் விற்கப்படும் பொட்டலங்களில் மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகிய இரண்டும் தனித்தனியே 100 கிராமுக்குக் குறிப்பிடப்பட வேண்டும். சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். இவ்விரு சர்க்கரை எண்களில் முதலாவது பால், பழம் ஆகியவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் உள்ளடக்கியது என்பதால், உலர்திராட்சை மிகுந்த மியூஸ்லியில் அது பெரிதாகத் தெரிவது இயல்பே. முடிவெடுக்க உதவுவது இரண்டாவது எண். குறைந்த சர்க்கரை என்று விளம்பரப்படுத்த வேண்டுமானால் 100 கிராம் திடப்பொருளில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது என்பது இந்திய விதி, பிரிட்டனில் 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு அடையாளம் இடும் வழக்கம் உள்ளது. இவற்றுக்கு நடுவே 10 கிராமை ஒரு கோடாகக் கிழித்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. வழக்கமான கார்ன்ஃப்ளேக்ஸ் பெரும்பாலும் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கும். குழந்தைகளுக்கான சாக்லேட் வகைகளில் சர்க்கரை மூன்றில் ஒரு பங்கை நெருங்குவது உண்டு.

பொட்டலத்தில் நாளாந்தத் தேவையில் இத்தனை சதவீதம் என்று காட்டப்படும் எண்ணைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்திய விதி அந்தக் கணக்குக்கு அடிப்படையாக நாளொன்றுக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மொத்த ஆற்றலில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பைக் கூறிய கையோடு, 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் குறைப்பது மேலும் நன்மை தரும் என்றும் சொல்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல்களும் அந்தச் சிறிய அளவையே வலியுறுத்துகின்றன. 10 கிராம் சர்க்கரை கொண்ட ஒரு வேளை உணவு பெட்டியில் 20 சதவீதம் என்று சாதுவாகத் தோன்றும். 25 கிராம் என்ற அளவுகோலை வைத்தால் அது 40 சதவீதம். உணவில் கவனமாக இருப்பவர் மனத்துக்குள் அந்த எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது.

சேர்மானப் பட்டியலில் சர்க்கரை பல பெயர்களில் வருவதால் அதன் இடம் பின்னுக்குத் தள்ளப்படுவதும் உண்டு. குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், மால்ட் சாறு, பழச்சாற்று அடர்வு என்று ஐந்தாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றின் எடையும் குறைந்து, ஓட்ஸ் முதலிடத்தில் நிற்கும். அண்மைக் காலத்தில் தேன், வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழப் பாகு ஆகியவை சேர்த்த கிரனோலா வகைகள் மிகுந்த நம்பிக்கையுடன் வாங்கப்படுகின்றன. வெல்லத்தில் சிறிதளவு இரும்பும் பிற தாதுக்களும் இருப்பது உண்மைதான். ஆயினும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரை, இரத்தத்தில் அது நடந்துகொள்ளும் விதமும் அதுவே. நீரிழிவு உள்ள ஒருவருக்கு வெல்லம் கலந்த உணவைப் பாதுகாப்பானது என்று சொல்லி விற்பது, அவருடைய நம்பிக்கைக்குச் செய்யும் அநீதி.

எத்தனை கிராம் என்ற கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. பொட்டலங்கள் பொதுவாக 30 கிராமை ஒரு வேளை அளவாகக் கொள்கின்றன. காற்று நிறைந்த கார்ன்ஃப்ளேக்ஸில் ஒரு கப் அளவு கிட்டத்தட்ட அந்த எடைக்கே வரும். சுமார் 110 கிலோ கலோரி. அதே கப்பை எண்ணெயும் பாகும் ஊற்றி வாட்டிய கிரனோலாவால் நிரப்பினால் எடை 100 கிராமைத் தாண்டும்; கொழுப்பு மிகுந்திருப்பதால் 100 கிராமுக்கு 450 கிலோ கலோரிக்கு மேல் தரும் அந்த உணவு, முதலில் சொன்ன எல்லைக்கு வெளியே நிற்கும் வகைகளில் முதன்மையானது. ஒரே கிண்ணம், ஒரே உயரம், நான்கு மடங்குக்கும் அதிகமான ஆற்றல். எடை குறைய வேண்டும் என்று கிரனோலாவுக்கு மாறியவர்களில் பலருக்கு எடை கூடுவதற்கான விளக்கம் இதில் இருக்கிறது. தொடக்கத்தில் சில நாட்களாவது சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, 40 கிராம் தம் வீட்டுக் கிண்ணத்தில் எந்த மட்டம் வரை வருகிறது என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்வதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை.

ஒரு வகுத்தல்

முகப்பில் எழுதப்படும் சொற்களில் 'மல்டிகிரெய்ன்' என்பது மிகக் குறைவாகவே பொருள் தருவது: பல தானியங்கள் கலந்திருக்கின்றன என்பதைத் தவிர அவை தவிட்டுடன் இருக்கின்றனவா என்பதை அது சொல்வதில்லை. கேழ்வரகுப் படம் போட்ட பெட்டியின் சேர்மானப் பட்டியலில் மக்காச்சோளமும் அரிசி மாவும் முன்னே நிற்க, கேழ்வரகு சில சதவீதத்துடன் பின்னே வருவதும் சாத்தியம். அடைப்புக்குறிக்குள் தரப்படும் சதவீதத்தைப் பார்க்காமல் அதை அறிய முடியாது. இத்தகைய குழப்பங்களை ஒரே கணக்கில் பெருமளவு தீர்க்கும் எளிய முறை ஒன்றை, ஹார்வர்டு பொது சுகாதாரக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2013இல் பல முழுத்தானிய அளவுகோல்களை ஒப்பிட்டுப் பரிந்துரைத்தனர்: மொத்த மாவுச்சத்தின் அளவை நார்ச்சத்தின் அளவால் வகுத்தால் விடை 10 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும். முழுக் கோதுமையில் இயல்பாக உள்ள விகிதம் ஏறத்தாழ அதுவே என்பதுதான் இந்த எண்ணுக்கான அடிப்படை.

100 கிராமில் 84 கிராம் மாவுச்சத்தும் 3 கிராம் நார்ச்சத்தும் கொண்ட கார்ன்ஃப்ளேக்ஸுக்கு விடை 28. ஓட்ஸுக்குச் சுமார் 7. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 100 கிராமுக்கு 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து காட்டும் கேழ்வரகும் கம்பும் 7 அளவிலேயே நின்று, இறக்குமதிப் பெயருடைய எந்தப் பெட்டிக்கும் தாழாதவை என்று காட்டுகின்றன. 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து கேழ்வரகுக்குக் கூடுதல் சிறப்பு. அவலின் நிலை வேறு. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கும் அந்த முறை பேட்டில் கிரீக்கின் உருளைகளுக்கு மிகவும் முற்பட்டது. ஆனால் வெள்ளை அவலில் நார்ச்சத்து 3.5 கிராமே இருப்பதால் விடை 23 வரை போகிறது. மரபு உணவு என்ற பெருமையால் மட்டும் அந்த எண் மாறிவிடாது. சர்க்கரையும் உப்பும் சேராதது என்ற வகையில் அவல் கார்ன்ஃப்ளேக்ஸைவிட மேலானது, தவிட்டின் ஒரு பகுதியைத் தக்கவைத்திருக்கும் சிவப்பு அவல் அதனினும் மேலானது. வேர்க்கடலை, முளைகட்டிய பயறு, காய்கறி ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கும்போதுதான் அது உணவில் கவனமுள்ளவருக்கு ஏற்ற காலை உணவாகிறது.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: இனிப்புச் சுவை மேலோங்கியிருப்பதால் நாவுக்குத் தெரியாவிட்டாலும், பல கார்ன்ஃப்ளேக்ஸ் வகைகளில் 100 கிராமுக்கு உள்ள சோடியம் உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு இணையாகவே இருக்கிறது. மசாலா கலந்த உடனடி ஓட்ஸ் பொட்டலங்களை வாங்கும் இரத்த அழுத்தக்காரர்களும் பொட்டலத்தின் சோடியம் வரியைப் படித்தாக வேண்டும்.

இத்தனை கணக்கையும் வாங்குபவரின் தலையில் ஏற்றுவது சரிதானா என்ற கேள்விக்குச் சில நாடுகள் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டன. சிலி நாட்டில் 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பை மீறினால் பெட்டியின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை இடவேண்டும் என்றும், அத்தகைய பெட்டிகளில் குழந்தைகளை ஈர்க்கும் சித்திரப் பாத்திரங்கள் இருக்கக்கூடாது என்றும் விதித்தது. கெல்லாக்கின் புகழ்பெற்ற புலி அந்த நாட்டுப் பெட்டிகளிலிருந்து மறைந்தது. இந்தியாவில் 2022இல் முன்வைக்கப்பட்ட வரைவு, நட்சத்திரங்களால் மதிப்பிடும் முறையைப் பரிந்துரைத்தது. நார்ச்சத்துக்கும் கொட்டைகளுக்கும் கிடைக்கும் மதிப்பெண் சர்க்கரைக்கான குறையை ஈடுசெய்துவிட இடமளிக்கும் நட்சத்திரத்தைவிட, எந்தப் பொருள் மிகுதி என்று நேராகச் சொல்லும் முத்திரையே வாங்குபவருக்குப் பயன்படும். எழுத்தறிவு குறைந்தவரும் அதைப் புரிந்துகொள்ள முடியும்.

சரியான தானியத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் கிண்ணம் முழுமையடைவதில்லை. ஓட்ஸைத் தவிரப் பெரும்பாலான தானிய ஏடுகளில் புரதம் 30 கிராமுக்கு 2 அல்லது 3 கிராமே தேறும் என்பதால், 200 மில்லி பாலோ கெட்டித் தயிரோ சேர்த்து மேலும் 6, 7 கிராமைப் பெறுவதும், ஒரு கைப்பிடிக்கும் குறைவான பாதாம் அல்லது வேர்க்கடலை தூவுவதும், அரை ஆப்பிளையோ கொய்யாவையோ நறுக்கிப் போடுவதும் பசியைப் பகல் உணவு வரை தள்ளிவைக்க உதவுகின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் சேர்க்கப்பட்ட சர்க்கரைக் கணக்கில் வராது. அதன் மேல் போடும் ஒவ்வொரு கரண்டிச் சர்க்கரையும் வரும். நாளின் இரண்டு வேளையைத் தானியக் கிண்ணமாக மாற்றி இரண்டே வாரங்களில் எடை குறைக்கலாம் என்று முன்பு பரவலாக விளம்பரப்படுத்தப்பட்ட திட்டங்களில் எடை குறைந்தால், அதற்குக் காரணம் உண்ணும் மொத்த அளவு குறைந்தது மட்டுமே. பழைய அளவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிடுகிறது.

நார்ச்சத்து குறைந்த உணவிலிருந்து தவிடு மிகுந்த வகைக்கு ஒரே நாளில் மாறுபவருக்கு வயிற்று உப்புசம் வருவது இயல்பு. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக அளவை உயர்த்தி, நீர் அதிகம் அருந்துவது அதைத் தவிர்க்கும். கோதுமை, பார்லி ஆகியவற்றின் குளூட்டன் புரதத்தை ஏற்காத சீலியாக் நோயாளிகள், மக்காச்சோளம் என்று நம்பி வாங்கும் கார்ன்ஃப்ளேக்ஸில் பார்லி மால்ட் சாறு இருப்பதையும், ஆலையில் ஓட்ஸுடன் கோதுமை கலந்துவிடும் வாய்ப்பையும் கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரே உணவு ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் சர்க்கரையை உயர்த்துவதால், புதிய தானியம் ஒன்றை நிறுத்து உண்டு, உண்ணத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் குளுக்கோமீட்டரில் அளந்து, இப்படி ஓரிரு வாரம் குறித்துவைத்துப் பார்ப்பது எந்த அட்டவணையையும்விடத் துல்லியமான விடையைத் தரும். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள், நான்கு இட்லி உண்ட இடத்தில் 40 கிராம் ஓட்ஸுக்கு மாறினால் மாவுச்சத்து பெருமளவு குறைந்து முற்பகலில் சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் இருப்பதால், மாற்றத்தைத் தொடங்கும் முன்பே மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.